வீட்டிலும் அடுக்குமாடியிலும் குழாய் உடைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் நம் ஊர் வீடுகளையும் அடுக்குமாடிகளையும் மனதில் வைத்து எழுதியது. குழாய் எங்கே உடைந்தது என்பதோடு எதனால் உடைந்தது என்பதையும் பார்த்துவிட்டே ஒட்ட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. காரணத்தை விட்டுவிட்டால், அடுத்த ஜாயின்ட் ஒழுகத் தொடங்கும்.

குழாய் வெடித்துத் தண்ணீர் பீய்ச்சுகிறது. முதலில் என்ன செய்வது?

மோட்டாரை நிறுத்துங்கள். மாடியில் தொட்டியின் அடியிலிருந்து கிளம்பும் குழாயில் உள்ள வால்வை மூடுங்கள். பிறகு வீட்டின் தாழ்வான குழாயைத் திறந்து, மேல்தளத்துக் குழாய் ஒன்றையும் திறந்து விடுங்கள். மேலே காற்று நுழைந்தால்தான் கீழே முழுவதும் வடியும்.

கீசர் இருக்கும் பக்கம் உடைந்திருந்தால் கீசரின் சுவிட்சை முதலில் அணையுங்கள். தண்ணீர் இறங்கிய கீசர் சூடானால் எலிமென்ட் கருகும். சுவிட்ச் போர்டு இருக்கும் சுவரில் தண்ணீர் இறங்கினால், மெயினை அணைக்கும்வரை அந்தச் சுவரைத் தொடாதீர்கள்.

தொட்டி வால்வு இறுகிப்போய்த் திரும்பவில்லை என்பது பல வீடுகளில் இந்த நேரத்தில்தான் தெரியவரும். ரெஞ்ச் போட்டு முறுக்கினால் தண்டு ஒடிந்துவிடும். அப்போது தொட்டியின் உள்பக்கத்தில், குழாய் கிளம்பும் வாயில் துணி சுற்றிய மரக்கட்டையைச் செருகுவது நல்லது. பழுது முடிந்ததும் பழைய கேட் வால்வைக் கழற்றிவிட்டு பால் வால்வு (கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் மூடுவது) போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திருப்பி மூடித் திறந்தால் இறுகாது.

சுவரில் ஓதம் ஏறுகிறது. குழாய் கசிவா, பாத்ரூம் தரையா, மழைநீரா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் டைல்ஸை உடைப்பதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. உடைக்காமல் செய்யக்கூடிய சோதனைகளை வரிசையாக முடித்துவிடுங்கள்.

முதலில் ஓதத்தின் விளிம்பைச் சுற்றி பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஈரமான சுவர் உலர வாரக்கணக்கில் ஆகும். அதனால் கறை மறைகிறதா என்று காத்திருப்பதில் பயனில்லை. கோட்டைத் தாண்டுகிறதா என்பதுதான் கேள்வி.

இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். மோட்டார் ஓடக்கூடாது. காலையில் மட்டம் இறங்கியிருந்தால், எங்கேயோ தண்ணீர் போகிறது. 1.1 மீட்டர் குறுக்களவுள்ள உருளைத் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் ஏறக்குறைய 9.5 லிட்டர் என்று கணக்கு. மறுநாள் இரவு தொட்டி வால்வையும் மூடி வைத்துப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் தொட்டியோ அதன் அடியில் உள்ள நிப்பிளோ (இருபுறமும் மரை உள்ள குட்டைக் குழாய்) ஒழுகுகிறது. இறங்கவில்லை என்றால் வால்வுக்குக் கீழே உள்ள குழாய்தான். கழிவறை ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகுவதும் இதே கணக்கில் வரும். டேங்கில் சமையல் கலர் கொஞ்சம் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பீங்கானில் நிறம் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

தொட்டி மட்டம் அசையவே இல்லை, ஆனாலும் கீழ்வீட்டுக் கூரை சொட்டுகிறது என்றால் கழிவுநீர் பக்கம் திரும்புங்கள். பாத்ரூமின் நஹானி ட்ராப்பை (தரைத் தண்ணீர் வடியும் வாய்) துணியால் இறுக அடைத்து, தரையில் 2.5 செ.மீ. தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். அந்த நேரத்தில் சொட்டினால் தரையின் நீர்க்காப்போ ட்ராப்பைச் சுற்றிய கலவையோ விட்டிருக்கிறது. தேக்கியபோது சொட்டாமல், அடைப்பை எடுத்துத் தண்ணீரை ஒரே மூச்சில் விட்டபோது சொட்டினால் கழிவுக் குழாயின் ஜாயின்ட். மழைக்கு மட்டும் ஓதம் ஏறினால் குழாயைத் தொடவே வேண்டாம். வெளிச்சுவரின் விரிசலையும் மொட்டைமாடியையும் பாருங்கள்.

சுடுநீர்க் குழாய் சுவருக்குள் கசிந்தால், கீசர் ஓடும்போது அந்த இடத்து டைல்ஸ் வெதுவெதுப்பாக இருக்கும். வெப்பக் கேமரா வைத்திருப்பவர்கள் இதை எளிதில் பிடித்துவிடுவார்கள். குளிர்நீர்க் கசிவுக்கு அந்தக் கேமரா அவ்வளவு உதவாது.

எங்கள் வீட்டில் இருப்பது எந்தக் குழாய் என்று எப்படி அறிவது?

வெள்ளிச் சாம்பல் நிறத்தில், காந்தம் ஒட்டினால் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. தந்த நிறமாக, மெல்லியதாக இருந்தால் சிபிவிசி. சுடுநீருக்கும் குளிர்நீருக்கும் ஏற்றது. பளிச்சென்ற வெள்ளையும், விவசாயக் குழாய் போன்ற சாம்பல் நிறமும் பெரும்பாலும் யுபிவிசி, குளிர்நீருக்கு மட்டும். பச்சையாக, தடித்த சுவரோடு இருந்தால் பிபிஆர். அதைப் பசையால் ஒட்ட முடியாது, 260 டிகிரி செல்சியஸ் சூட்டு இயந்திரத்தால் உருக்கித்தான் இணைக்க வேண்டும். ஆனால் நிறம் ஏமாற்றும். குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிப்பதுதான் நிச்சயம்: சிபிவிசி என்றால் ஐ.எஸ். 15778, விவசாய, குடிநீர் யுபிவிசி என்றால் ஐ.எஸ். 4985, கழிவுநீர் எஸ்.டபிள்யூ.ஆர். என்றால் ஐ.எஸ். 13592.

அளவிலும் ஒரு கண்ணி உண்டு. சிபிவிசி, யுபிவிசி இரண்டையும் கடையில் "அரை இன்ச்" என்றே சொல்வார்கள். ஆனால் அரை இன்ச் சிபிவிசியின் வெளிக் குறுக்களவு 15.9 மி.மீ.; இன்ச் அளவில் வரும் வெள்ளை யுபிவிசியில் அரை இன்ச் 21.3 மி.மீ. ஒன்றின் கப்ளர் (இரு குழாய் முனைகளை இணைக்கும் துண்டு) மற்றதற்குச் சேராது. வெட்டியெடுத்த துண்டைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

சிபிவிசி குழாயில் கீறல் விழுந்திருக்கிறது. சரியாக மாற்றுவது எப்படி?

கீறலின் மேல் பசை பூசுவது வேலைக்காகாது. உள்ளிருந்து அழுத்தம் தள்ளும்போது மேல்பூச்சு உரிந்துவிடும். அந்தத் துண்டை வெட்டி எடுக்கத்தான் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் கீறலின் இரு முனைகளிலிருந்தும் குறைந்தது 5 செ.மீ. தள்ளி வெட்டுங்கள். மயிரிழைக் கீறல் கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமாக ஓடியிருக்கும். அதில் ஒட்டினால் ஒரு மாதத்தில் ஜாயின்ட்டுக்கு வெளியே மறுபடி பிளக்கும். நேராக வெட்டுங்கள். பழைய குழாய்க்கு ராட்செட் கட்டரைவிட நுண்பல் ஹாக்ஸா பிளேடு நல்லது; கட்டர் நசுக்கும்போது முறுகிய குழாய் பிளந்துவிடுகிறது. உள்ளும் வெளியும் பிசிறை நீக்கி, வெளி விளிம்பை லேசாகச் சரித்து ராவுங்கள். விளிம்பு கூராக இருந்தால் நுழையும்போது கப்ளரில் பூசிய பசையை வழித்துத் தள்ளிவிடும்.

பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். கப்ளரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை போய்க் குழாய் இறுகி நிற்க வேண்டும். தடையின்றி அடிவரை போய் ஆடினால் அந்த ஃபிட்டிங் வேண்டாம். புதுத் துண்டின் நீளம், இரு வெட்டு முனைகளுக்கு இடைப்பட்ட தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கப்ளரின் நடுவிலும் உள்ள தடுப்புக்கு ஏறக்குறைய 3 மி.மீ. கழியுங்கள்.

பலருக்குத் தவறுவது அடுத்த கட்டம். இரு பக்கமும் அசையாத குழாயில் கப்ளரை நுழைக்க, முக்கால் இன்ச் என்றால் ஒவ்வொரு முனையும் ஏறக்குறைய 18 மி.மீ. உள்ளே போக வேண்டும். சுவருக்குள் இருக்கும் குழாய் அப்படி விலகாது. அதனால் வெட்டின் ஒரு பக்கமாவது 30 முதல் 45 செ.மீ. வரை காடியைத் திறந்து குழாயை விடுவித்தால், அதை வளைத்து உள்ளே செருகலாம். இல்லையென்றால் நடுவில் தடுப்பில்லாத ரிப்பேர் கப்ளர் வாங்குங்கள். அதைக் குழாயின் மேல் முழுவதும் ஏற்றி வைத்துப் பிறகு நகர்த்தலாம். வெளியே ஓடும் குழாயில் யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) போடுவது சுலபம். சுவருக்குள் யூனியன் வேண்டாம், அதன் ரப்பர் வளையம் தேயும்.

ஒட்டும் இடம் காய்ந்திருக்க வேண்டும். மேலிருந்து ஒரு சொட்டு வந்தாலும் போதும், பசை வெளுத்துப் பிடிக்காமல் போகும். சிபிவிசி என்று டப்பாவில் எழுதிய பசையையே, குழாயில் தாராளமாகவும் கப்ளருக்குள் மெல்லியதாகவும் பூசுங்கள். உள்ளே அதிகம் பூசினால் அது தேங்கிக் குழாய்ச் சுவரை இளக்கிவிடும். உடனே செருகி, கால் சுற்றுத் திருப்பி, 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிடிக்காமல் விட்டால் பசையின் வழுக்கலில் குழாய் தானாகவே வெளியே நழுவும். சுற்றிலும் முறியாத ஒரு பசை வளையம் தெரிந்தால் வேலை சரி.

எவ்வளவு நேரம் பொறுப்பது என்பது டப்பாவில் அச்சிட்டிருக்கும். ஒரு இன்ச் வரையிலான குளிர்நீர்க் குழாய்க்கு 2 மணி நேரமாவது விடுங்கள். சுடுநீர்க் குழாய் என்றால் 24 மணி நேரம். வீட்டில் எல்லோரும் தண்ணீர் கேட்பார்கள். இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

போன முறை ஒட்டிய இடமே மறுபடி ஒழுகுகிறது. ஏன்?

ஈரத்தில் ஒட்டியது, காயுமுன் தண்ணீர் திறந்தது, சிபிவிசிக்கு யுபிவிசி பசை போட்டது, கூழாகிப்போன பழைய டப்பாவில் தின்னர் ஊற்றிக் கலக்கியது: முக்கால்வாசி இவற்றில் ஒன்றுதான்.

மரை உள்ள ஜாயின்ட்டில் காரணம் வேறு. பிளாஸ்டிக் பெண்மரைக்குள் இரும்பு நிப்பிளை ரெஞ்சால் முறுக்கினால், அன்று ஒழுகாது. சில வாரத்தில் ஃபிட்டிங் நீளவாக்கில் பிளக்கும். உலோகம் சேரும் இடத்தில் எல்லாம் பித்தளை மரை பதித்த ஃபிட்டிங் வாங்குங்கள். டெஃப்லான் டேப்பை மரை ஏறும் போக்கிலேயே நான்கைந்து சுற்றுங்கள். கையால் இறுகிய பின் ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று போதும்.

சிபிவிசிக்கு எண்ணெய் ஆகாது. கிரீஸ், சமையல் எண்ணெய், சணலோடு தடவும் வெள்ளை லெட், எண்ணெய்ப் பெயின்ட் ஆகியவை பட்டால், ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் இடத்தில் குழாய் மெல்ல வெடிக்கும். ஜிஐ வேலையில் பழகிய கைகள் சணலும் லெட்டும் எடுப்பது இயல்பு. சிபிவிசி வேலைக்கு வரும்போது அதை முன்கூட்டியே சொல்லித் தடுத்துவிடுங்கள்.

எம்-சீல், சைக்கிள் டியூப், கிளாம்ப் இவையெல்லாம் போதுமா?

ஞாயிறு இரவைக் கடத்தப் போதும். எம்-சீல் போன்ற இரட்டைக் கலவைக்குத் தண்ணீர் நின்று, குழாய் காய்ந்து, மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்திருக்க வேண்டும். சொட்டும் குழாயில் அப்பினால் ஒட்டாது. ஜிஐயில் ஊசித்துளைக்கு, உள்ளே ரப்பர் பதித்த ரிப்பேர் கிளாம்ப் இதைவிட எவ்வளவோ மேல். சில நேரம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் ஒட்டுப்போட்ட எதையும் சிமென்ட் பூசிச் சுவருக்குள் மூடாதீர்கள்.

பழைய ஜிஐ குழாய். ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்தில் ஒழுகுகிறது. என்ன வழி?

ஜிஐ உள்ளிருந்து துருப்பிடிக்கிறது. மரை வெட்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சும் போயிருக்கும், சுவரும் மெலிந்திருக்கும். எனவே முதலில் அங்கேதான் விடும். ஒரு எல்போவைக் கழற்ற ரெஞ்ச் போடும்போது அந்த முறுக்கு அடுத்த மெலிந்த மரையை உடைக்கிறது. ப்ளம்பரைக் குறை சொல்லிப் பயனில்லை, குழாயின் காலம் முடிந்துவிட்டது. காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறமாக வருவதும், அரை இன்ச் குழாயின் வாய் உப்பும் துருவும் அடைத்துப் பென்சில் அளவாகச் சுருங்குவதும் அதே செய்தி.

ஒரே ஓர் இடத்தில் உடைந்திருந்தால் வெட்டி, இருபுறமும் மரை போட்டு, யூனியன் வைத்து இணைக்கலாம். இரண்டு மூன்று இடங்களில் என்றால் அந்த லைனையே கைவிடுங்கள். சுவரைக் குடைந்து பழையதை எடுக்க வேண்டியதில்லை. இரு முனையிலும் மூடிபோட்டு உள்ளேயே விட்டுவிட்டு, புதுச் சிபிவிசியை டக்ட் வழியாகவோ சுவரின் மேலாகவோ கிளாம்ப் அடித்துக் கொண்டுபோகலாம்.

உயிர் சம்பந்தப்பட்ட ஒன்று இதில் உண்டு. பழைய வீடுகளில் மின்சார எர்த் கம்பியை ஜிஐ குழாயில் கட்டியிருப்பார்கள். நடுவில் பிளாஸ்டிக் வந்தால் எர்த் அறுந்துபோகும். குழாயை வெட்டும் முன் மெயினை அணைத்து டெஸ்டரால் பாருங்கள். தனி எர்த் குழி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

மொட்டைமாடி யுபிவிசி குழாய் தொட்டாலே உடைகிறது.

வெயில். புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டுக் குழாயின் வெளிப்புறம் முறுகிவிட்டது. அதை ஒட்டுவதில் அர்த்தமில்லை. புதிதாகப் போட்டதும் தண்ணீரில் கரையும் வெள்ளை எமல்ஷன் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். கிளாம்ப் குழாயை நெரிக்காமல், நீளவாக்கில் நகர விடவேண்டும். சிபிவிசி 10 மீட்டர் நீளத்துக்கு 40 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 25 மி.மீ. நீளும். இரு முனையும் சுவரில் இறுகியிருந்தால் அந்த நீட்சி எல்போவைத்தான் உடைக்கும். நீண்ட நேர் ஓட்டத்தில் ஒரு வளைவுத் திருப்பம் விட்டுப் போடச் சொல்லுங்கள்.

சுவரைத் திறந்து வேலை பார்த்தாயிற்று. எப்போது மூடலாம்?

அழுத்தச் சோதனை முடிந்த பிறகு. பசை முழுதும் காய்ந்ததும், குழாய் வாய்களுக்கு மூடி போட்டு, உள்ளே காற்றில்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றுங்கள். இரண்டு மணி நேரம் முள் இறங்கக்கூடாது. கம்ப்ரஸர் காற்றால் சோதிக்க யாராவது முன்வந்தால் அனுமதிக்காதீர்கள். அழுத்திய காற்றில் பிளாஸ்டிக் குழாய் உடைந்தால் சில்லுகள் குண்டு போலப் பறக்கும்.

அடுக்குமாடியில் கீழ்த்தளங்களில் மட்டும் அடிக்கடி உடைகிறதே?

தண்ணீர்த் தூணின் உயரம்தான் அழுத்தம்: 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ, அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு. ஒரு தளம் 3 மீட்டர் என்று வைத்தால் 15 தளக் கட்டடத்தின் அடியில் நாலரைக் கிலோவுக்கு மேல் நிற்கும். நல்ல சிபிவிசிக்கு இது பெரிய சுமையல்ல, எஸ்.டி.ஆர். 11 (சுவர்த் தடிமனைப் போல வெளிக் குறுக்களவு 11 மடங்கு) குழாய் 23 டிகிரியில் 28 கிலோ தாங்கும். ஆனால் அதே குழாய் 82 டிகிரியில் 7 கிலோதான் தாங்கும். அதோடு முதலில் விடுவது குழாயல்ல. குழாய்த் தலைகள், ஃப்ளெக்சிபிள் இணைப்புகள், ஃப்ளஷ் வால்வுகள். கீழ்த்தளங்களுக்குப் போகும் இறங்கு குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு இருக்கிறதா, அதன் வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வால்வுக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் இல்லையென்றால் அது வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

மோட்டார் நிற்கும்போது "டம்" என்று குழாய் அதிர்ந்தால், ஏறிய தண்ணீர்த் தூண் திரும்பி விழுந்து என்ஆர்வியில் (தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு) மோதுகிறது. அந்த ஒவ்வொரு அடியும் ஏற்று குழாயின் ஜாயின்ட்டில் விழும். தாமதமாக அறைந்து மூடும் தட்டு வகைக்குப் பதில் ஸ்பிரிங் என்ஆர்வி போடுவதும், தளர்ந்த கிளாம்புகளை இறுக்குவதும் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

ஒவ்வொரு வீட்டுக் கிளைக்கும் தனி வால்வு இல்லாத கட்டடத்தில், ஒரு எல்போ மாற்ற அறுபது வீட்டுத் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்கும். அடுத்த பெரிய பழுதின்போதே சங்கம் அந்த வால்வுகளைப் போட்டுவிடுவது நல்லது. செலவு யாருடையது என்பதற்குச் சங்க விதியைப் பாருங்கள். பொதுவாக, பல வீடுகளுக்கான செங்குத்துக் குழாய் சங்கத்துடையது, அதிலிருந்து ஒரு வீட்டுக்கு மட்டும் பிரிவது அந்த வீட்டாருடையது.

கழிவுநீர்க் குழாய் ஒழுகுகிறது. அதற்கும் இதே முறையா?

இல்லை. 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். குழாயில் ரப்பர் ரிங் உள்ள சாக்கெட் என்றால் பசை போடக்கூடாது. முனையைச் சரித்து, ரிங்குக்கான வழுக்குப் பசை தடவி, அடிவரை தள்ளிப் பின் 1 செ.மீ. வெளியே இழுத்து விடுங்கள். அந்த இடைவெளி நீட்சிக்கு. ரிங் மடிந்து உட்கார்ந்ததுதான் பெரும்பாலான ஒழுகலுக்குக் காரணம். கிடையாக ஓடும் குழாய்க்கு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவும், மீட்டருக்கு ஒரு கிளாம்பும் வேண்டும். நடுவில் தொய்ந்தால் அங்கே அடைக்கும்.

வடித்த சோற்றுக் கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கச் சிங்க்கில் கொட்டுவதால் கீழே உள்ள குழாய் இளகி வளைந்து ஜாயின்ட் வாய் பிளக்கிறது. ஆறவிட்டுக் கொட்டுங்கள், அல்லது கூடவே குளிர்நீரைத் திறந்துவிடுங்கள்.

பழைய குடியிருப்புகளில் வெளிச்சுவரில் ஓடும் வார்ப்பிரும்புக் குழாய்களின் ஜாயின்ட்டில் பறவை எச்சத்தால் அரசஞ்செடி முளைக்கும். மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேர் சாக்கெட்டுக்குள் போயிருக்கும். அந்தத் துண்டைக் கழற்றி, வார்ப்பிரும்பையும் பிவிசியையும் இணைக்கும் ரப்பர் கப்ளிங்கோடு மாற்றுவதே தீர்வு. ஆஸ்பெஸ்டாஸ் குழாயாக இருந்தால் காய்ந்த நிலையில் அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம், தூள் நுரையீரலுக்குக் கேடு; நன்றாக நனைத்து, முழுத் துண்டாகக் கழற்றுங்கள்.

செப்டிக் டேங்குக்குள்ளோ சாக்கடைக் குழிக்குள்ளோ எந்தக் காரணத்துக்கும் ஆளை இறக்காதீர்கள். விஷவாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்க்கும்; தூக்கப் போனவரும் போய்விடுகிறார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் உரிய பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. இறைக்கும் லாரியையும் ஜெட் இயந்திரத்தையும் கூப்பிடுங்கள்.

சம்ப்புக்கு வரும் தண்ணீரில் சாக்கடை வாடை. குழாய்தான் காரணமா?

இருக்கலாம். விட்டுவிட்டு வரும் விநியோகத்தில், தண்ணீர் நிற்கும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. கீறல் வழியாகச் சுற்றியுள்ள கழிவு உள்ளே இழுக்கப்படும். வந்ததும் முதல் ஐந்து நிமிடத் தண்ணீரும் பிறகு வருவதும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். முதலாவது மட்டும் கலங்கல் என்றால் சந்தேகம் வலுக்கிறது. வாசலுக்கு வெளியே என்றால் குடிநீர் வாரியத்திடமோ உள்ளாட்சியிடமோ புகார் கொடுங்கள். உள்ளே என்றால் அந்த இணைப்பைச் சாக்கடையிலிருந்து விலக்கி, அதைவிட உயரத்தில் புதிதாகப் போடுங்கள்.

சரிசெய்த பின் சம்ப்பைக் கழுவி நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி 4 மணி நேரம் விடுங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூடாது; முழுதும் வெளியேற்றி, புதுத்தண்ணீரால் அலசிய பிறகே புழங்குங்கள்.

அவசரத்துக்கு வீட்டில் என்ன வாங்கி வைக்கலாம்?

உங்கள் குழாயின் அளவில் கப்ளர் நான்கு, எல்போ இரண்டு, எண்ட் கேப் இரண்டு, ஒரு பால் வால்வு, ஒரு மீட்டர் குழாய், டெஃப்லான் டேப், ஹாக்ஸா பிளேடு, ஒரு ரிப்பேர் கிளாம்ப். பசையை மட்டும் வாங்கி வைக்காதீர்கள்; திறந்த டப்பா சில மாதத்தில் கூழாகும். எண்ட் கேப்பை மறக்க வேண்டாம். கிளைக் குழாய் ஒன்று உடைந்தால் அதை வெட்டி மூடிவிட்டு, மற்ற இடங்களுக்குத் தண்ணீர் திறந்துவிடலாம்.